ஆறு வினாடி ஆரஞ்சு

பட்டன் அக்காவோடு பதினொரு வருடம் ஒரே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கால்பந்து மைதானத்தின் மேற்குக் காலரி உச்சியில், கூரைத் தகரத்துக்குக் கீழே, புறாக்கூண்டு மாதிரி ஒரு அறை அது. அதில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், மைக்கோடு. வாரநாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக் கத்திப் பழுத்த தொண்டை என்பதால் ஆட்ட நாட்களில் அறிவிப்பாளர் வேலைக்கு என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். இன்னொரு நாற்காலியில் அக்கா, இரண்டு கணினிகளோடு. ஒன்று ஓடும், அது படுத்துவிட்டால் மற்றது ஓடும்.

திடலைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும் மின்பலகைகளில் விளம்பரம் ஓட்டுவது அக்காவின் வேலை. பெயின்ட், வங்கி, செருப்பு, பால் பவுடர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை போட்டுவிட்டால் பெரும்பாலும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஆள் எதற்கு என்று கேட்கலாம். ஆள் தேவைப்பட்டது கோல் விளம்பரத்துக்கு. பந்து கோலை நெருங்கும்போது ஊரே கண்ணிமைக்காமல் பார்க்கும் இல்லையா, அந்த ஆறு வினாடியில் தங்கள் பெயர் மட்டும்தான் மின்ன வேண்டும் என்று ஒரு பழரசக் கம்பெனி கேட்டு வாங்கியிருந்தது. பந்து எப்போது நெருங்கும் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. அதற்கென்று மேசையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. பெயர் வந்தது அப்படித்தான்.

அக்காவுக்கு இரண்டு அணிகள் மீதும் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனால் தாக்குதல் எங்கே கிளம்பும் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் "அட" என்று நிமிர்வதற்குள் பட்டனில் விரல் போயிருக்கும்.

"எப்படிக்கா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ பந்தையே பாக்குற, தம்பி. அதான் உனக்கு லேட்டாகுது. தடுக்குறவனோட குதிகாலைப் பாரு. குதிகால் தரையில ஊணிட்டான்னா அவன் தோத்தாச்சு. அதுக்கப்புறம் நடக்குறதெல்லாம் சும்மா."

ஆட்டம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே வந்துவிடுவார். பலகை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு நிறமாக விட்டுப் பார்ப்பார். உள்ளே விளக்குச் சில்லு ஒன்று செத்திருந்தால் அந்த இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி கறுப்பாகத் தெரியும். புல்லில் மண்டியிட்டு, செத்ததைப் பிடுங்கி, புதியதைப் பொருத்தி, சேலை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் மேலே ஏறி வருவார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று அறிவிப்புப் பலகையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். ஒருமுறை நான்கு என்பதற்குப் பதில் பதினான்கு என்று தட்டிவிட, முந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடினார்களாம். "சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. ஒரு எழுத்துக்கு இவ்வளவு கூட்டம் ஓடுதேன்னு" என்பார்.

அக்காவுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பது எனக்கு ஏழாவது வருடம்தான் தெரிந்தது. அந்த அண்ணன் அதே மைதானத்தில் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் என்பது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று புரியவில்லை.

கோட்டோரமாக ஓடும் அந்த மனிதரை எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். ஒல்லி, நிமிர்ந்த முதுகு, நடந்தால்கூட நேர்க்கோடு. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல். பகலில் அவர் பார்த்த உத்தியோகம் இன்னும் பொருத்தம்: கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் ஆய்வாளர். அவர் கடைத்தெருவில் நுழைந்தால் தராசு முள் தானாகவே நடுவில் வந்து நிற்கும் என்று கேலி பேசுவார்கள்.

அவருக்குத் தங்கையின் வேலை மேல் மதிப்பில்லை. "ஆட்டம் பாக்க வர்றவன் கண்ணைப் பிடுங்குற வேலை" என்று ஒருமுறை சொன்னவர், அதை ஒருநாளும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மைதானத்தில் எதிரே வந்தால் தலையைக்கூட அசைக்க மாட்டார். அக்கா ஒருதடவை காபி வாங்கி நீட்டியதற்கு, "இங்க நான் யாருக்கும் அண்ணன் இல்ல, பாப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாராம். அதற்குப் பிறகு அக்காவும் விட்டுவிட்டார். அம்மா இருந்தது அண்ணன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை அக்கா அம்மாவைப் பார்க்கப் போவார். அம்மா இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார், "நேத்து மேட்ச் எப்படி?" என்று. அண்ணன் எத்தனைக்கு எத்தனை என்று சொல்வார். அக்கா எந்த விளம்பரம் எத்தனை தடவை ஓடியது என்று சொல்வார். இரண்டையும் சேர்த்து அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, தெரியாது.

நான் சொல்ல வந்த அந்த வருடம், பலகைக் கம்பெனி முதலாளி மைதானத்தில் புதிதாக ஒரு வேலை செய்திருந்தார். கீழே இடுப்பளவில் நிற்கும் பலகைகள் போதாதென்று, காலரியின் முன்சுவரிலும் இரண்டாவதாக ஒரு வரிசையை ஓட்டியிருந்தார். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுவர் நீளத்துக்கும் ஒரே பட்டை. மேற்கிலும் கிழக்கிலும் எதிரெதிரே இரண்டு பட்டைகள் பளீரென்று எரியும்போது நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

லீக் முடிய இன்னும் நான்கு வாரம் இருந்தபோது அந்த ஆட்டம் வந்தது. காலையில் மழை பெய்து ஓய்ந்து, மத்தியானம் சுள்ளென்று வெயில். மேற்கே இறங்கும் வெயில் எதிர்க்காலரியின் முகத்தில் நேராக அடித்ததால் கிழக்குப் பலகைகளில் எழுத்தே தெரியவில்லை. முதலாளி கீழேயிருந்து போன் போட்டார். அக்கா வெளிச்சத்தைக் கூட்டினார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே திருகுதான். கிழக்கில் வெயிலுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கூட்டியபோது, நிழலில் இருந்த எங்கள் மேற்குப் பக்கம் அடுப்பு மாதிரி தகதகத்திருக்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியாது. எங்கள் அறை அந்தக் காலரியின் தலைமேல் இருக்கிறது. எங்கள் காலுக்கடியில் எரியும் பலகையை எங்களால் பார்க்க முடியாது. அதே பக்கத்துக் கோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கேலையும் பாதி நேரம் பார்க்க முடியாது.

அறுபத்தேழாவது நிமிடம். எங்கள் ஊர் அணியின் இடதுபக்க ஆட்டக்காரன் பந்தோடு கிளம்பினான். எதிரணித் தடுப்பாளன் குதிகாலை ஊன்றினான். அக்காவின் விரல் இறங்கியது. மைதானத்தின் இரண்டு பக்கமும், கீழும் மேலும், பழரசக் கம்பெனியின் ஆரஞ்சு. எங்கள் ஆள் பந்தைக் கோல் முன்னால் தட்டிவிட்டான். அது தடுக்க வந்தவன் முழங்காலில் லேசாக உரசி, முன்னால் காத்திருந்தவனிடம் போய், அவன் காலிலிருந்து வலைக்குள் விழுந்தது. நான் மைக்கில் "கோ...ல்" என்று இழுத்த இழுப்பில் கண்ணாடி அதிர்ந்தது. நடுவர் மையத்தைக் காட்டினார். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யத்தில் முடிந்தது.

முடிந்ததும் பூகம்பம் கிளம்பியது. பந்து கொடுக்கப்பட்ட நொடியில் அந்த முன்வரிசைக்காரன் எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி இரண்டு எட்டு உள்ளே நின்றிருக்கிறான். அப்பட்டமான ஆஃப்சைடு. லைன்ஸ்மேன் கொடியை உயர்த்த வேண்டும், நடுவர் அதைப் பார்த்து விசில் ஊத வேண்டும். எங்கள் லீக்கில் காதில் மாட்டிக்கொண்டு பேசும் கருவியெல்லாம் இல்லை. கொடியும் கண்ணும்தான்.

"ஏன் கொடி காட்டல?" என்று உடை மாற்றும் அறையில் நடுவர் கேட்டார்.

"காட்டினேனே! நீங்க பாத்துட்டு வேண்டாம்னு விட்டீங்கன்னு நெனைச்சேன். தடுக்குறவன் காலில் பட்டுச்சே, அதனால ஆஃப்சைடு இல்லைன்னு கோல் குடுத்துட்டீங்கன்னு கொடியை எறக்கினேன்."

"நான் உங்களைப் பாத்தேன் சார். நீங்க கொடி காட்டல."

இரண்டு பேருமே பொய் பேசுகிறவர்கள் இல்லை. அதுதான் சிக்கல். லீக்காரர்களின் ஒரே கேமரா பந்தின் பின்னால் போயிருந்தது. அது திரும்பி வந்து ஸ்கேலைப் பிடித்தபோது கொடி இறங்கியிருந்தது. அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் சொந்த அணி போட்ட கோலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? விசாரணை முடியும்வரை ஸ்கேல் மைதானத்தில் இறங்கக்கூடாது என்று கடிதம் போயிற்று. பேப்பர்க்காரன் "கொடி தூங்கியது" என்று தலைப்புப் போட்டான். அவருடைய அலுவலகத்தில், சோதனைக்கு வைத்திருக்கும் பெரிய தராசின் தட்டில் யாரோ ஓர் ஆரஞ்சுக் கைக்குட்டையைக் கொடி மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு தட்டில் ஒன்றுமில்லை. அவர் அதை எடுத்து, யார் என்று விசாரிக்காமல், மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாராம்.

அடுத்த ஞாயிறு அக்கா போனபோது அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கண்ணன் கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறான்டி. நேத்து சாயங்காலம் முச்சூடும் அதே வேலை. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அக்கா உள்ளே போனார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீ தூக்கினியா இல்லையா?"



"தூக்கினேன்னுதான் நெனைக்கிறேன்."

அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். "பொறந்ததுலேர்ந்து அவர் வாயில 'நெனைக்கிறேன்'ங்கிற பேச்சே வந்ததில்ல, தம்பி. ஒரு பொருள் இருந்தா இருக்கும்பார், இல்லைன்னா இல்லைம்பார். அந்த மனுஷனுக்கே சந்தேகம் வந்துடுச்சு."

திங்கட்கிழமை அக்கா மைதானத்துக்குப் போய்க் கணினியைத் திறந்தார். பலகையில் எந்த வினாடி என்ன ஓடியது என்று அது தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும். அறுபத்தேழாவது நிமிடத்தில் ஆறு வினாடி பழரசம். பக்கத்தில் 'கையால் இயக்கப்பட்டது' என்று ஒரு குறி. நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். லைன்ஸ்மேன்களின் கொடியும் ஆரஞ்சு.

செவ்வாய் மத்தியானம் எனக்கு போன் வந்தது. "தம்பி, ஒரு மணி நேரம் கிடைக்குமா? கைல கொடி பிடிக்கணும்." கார் கற்றுக்கொள்ள வந்திருந்த ஒரு வாத்தியாரை அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடினேன். அவருக்கும் நிம்மதிதான், அன்றைக்கு இரண்டு தடவை மதில்மேல் ஏறப் பார்த்திருந்தார்.

மைதானம் காலியாக இருந்தது. புல்வெட்டும் இயந்திரம் மட்டும் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா மேற்குப் பக்கப் பலகைகளை அன்றைக்கு இருந்த அதே வெளிச்சத்தில் வைத்து, நீலம், வெள்ளை, ஆரஞ்சு என்று மாறி மாறி வரும்படி செய்திருந்தார். அண்ணன் நின்ற இடத்தில் என்னை நிறுத்தி, கையில் ஓர் ஆரஞ்சுக் கொடியைக் கொடுத்தார். நடுவர் நின்றிருக்கக்கூடிய இடத்துக்கு அவர் போனார்.

"கொடி தெரிஞ்சா நான் கையைத் தூக்குறேன். நீ பின்னாடி திரும்பிப் பாக்காத. அவர் மாதிரியே நில்லு."

கொடியை உயர்த்தினேன். அக்காவின் கை உயர்ந்தது. இறக்கினேன். மறுபடி உயர்த்தினேன், அக்கா கையும் உயர்ந்தது. மூன்றாவது முறை உயர்த்தியபோது அந்தக் கை தொங்கியபடியே இருந்தது. வேறு எதையோ பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கொடியை ஆட்டாமல் காத்திருந்தேன். தோள் வலித்தது.

"அக்கா, தூக்கியிருக்கேன்!"

அவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியலை, தம்பி" என்றார்.

பிறகு இடம் மாறினோம். அவர் கொடி பிடிக்க, நான் நடுவில் நின்று பார்த்தேன். நீலத்தில் கொடி பளிச்சென்று இருந்தது. ஆரஞ்சு வந்ததும் அக்காவின் கை மட்டும் தெரிந்தது, எதையும் பிடிக்காத கை. கீழ்வரிசைப் பலகை அவர் இடுப்போடு நின்றுவிட்டது. உயர்த்திய கையும் கொடியும் போய்ச் சரியாக உட்கார்ந்த இடம், சுவரில் புதிதாகப் போட்ட மேல்வரிசை. யாரோ அளவெடுத்து ஒட்டிய மாதிரி. நான் என் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

படியில் உட்கார்ந்து அக்கா தண்ணீர் குடித்தார்.

"என் கைதானே அமுக்குச்சு" என்றார்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிருக்கும்? மேல் வரிசை போட்டவரைச் சொல்லணும், வெளிச்சம் கூட்டச் சொன்னவரைச் சொல்லணும்."

"அதெல்லாம் இருக்கட்டும். ஒரு நொடி லேட்டா அமுக்கியிருந்தா கொடி தெரிஞ்சிருக்கும். எல்லாரும் என்னை மெச்சுறது எதுக்கு? லேட்டாக மாட்டேன்னுதானே."

முதலாளியிடம் போய்ச் சொன்னது அக்காவேதான். முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு குடும்பத்துக்கு வேலை கொடுப்பவர், ஆத்திரத்திலும் மரியாதை குறையாமல் பேசுபவர். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உன்னை யாராவது கேட்டாங்களா? விசாரணைக்கு உன்னைக் கூப்பிடவே இல்லையே."

"கூப்பிடல சார். நானா போறேன்."

"பழரசக் கம்பெனி போச்சுன்னா மேல் வரிசையே போச்சு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் எழுந்து இரண்டு தடவை நடந்தார். "தடுக்க மாட்டேன். தடுத்தா அது பெரிய தப்பாயிடும். ஆனா நீ போய்ச் சொல்லிட்டு வந்தப்புறம் அந்த நாற்காலியில உன்னை உட்கார வைக்க என்னால முடியாது. விளம்பரம் குடுக்குறவங்க ஒத்துக்க மாட்டாங்க. அதையும் சேத்து யோசிச்சுக்கோ."

அக்கா யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் கணவரிடம் சொன்னபோது, பேக்கரியில் ரொட்டி அடுக்கும் அந்த நல்ல மனிதர் கேட்ட ஒரே கேள்வி: "விசாரணைக்கு நான் எந்தச் சட்டை போட்டுக்கிட்டு வரட்டும்?" தன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீக் அலுவலகத்தில் விசாரணை. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கிறீச்சிடும் மின்விசிறி. குழுவில் மூன்று பேர். தலைமை ஏற்றிருந்தவர் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார்; மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் யாரையும் பார்ப்பார். ஸ்கேல் ஒரு ஓரத்தில் முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். தங்கை உள்ளே வந்ததைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றார் தாழ்ந்த குரலில்.

"உனக்காக வரல" என்று சொல்லிவிட்டு அக்கா மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

கணினிக் குறிப்பின் நகலை வைத்தார். நான் எடுத்த படங்களை வைத்தார். நடந்ததை, பேருந்து நேரம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். குழுவில் இருந்த ஒருவர், முன்பு கோல்கீப்பராக ஆடியவர், தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"உங்களுக்கு இவர் சொந்தமா?"

"ஆமா சார். கூடப் பிறந்த அண்ணன்."

அறையில் சலசலப்பு. நடுவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி.

"அப்படிச் சொல்லுங்க. அண்ணனைக் காப்பாத்த வந்திருக்கீங்க."

"காப்பாத்தணும்னா வேற யாரையாவது மாட்டிவிட்டிருப்பேனே சார். இதுல மாட்டினது நான்தானே. அந்தப் பட்டனை அமுக்க இந்த மைதானத்துல இன்னொரு விரல் கிடையாது."

கீப்பர் விடவில்லை. "போட்டோல என்ன வேணா காட்டலாம்மா. கண்ணால பாத்தா கொடி தெரியாம போகுமா?"

தலைவி அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இங்க உட்கார்ந்து பேசினா எப்படித் தெரியும்? மைதானம் பக்கத்துலதான இருக்கு. எந்திரிங்க."

மூவரும், நடுவரும், ஸ்கேலும், குமாஸ்தாவும், நானும் வரிசையாகப் புல்லில் இறங்கினோம். அக்கா மேலே ஏறிப் போய்ப் பலகையை எரியவிட்டார். ஸ்கேல் கோட்டோரம் தன் இடத்தில் போய் நின்றார். கீப்பர் நடுவில் நின்று இடுப்பில் கைவைத்துக் கூர்ந்து பார்த்தார். வெள்ளை போனது. நீலம் போனது. ஆரஞ்சு வந்தது.

"சரி, இப்ப கொடியைத் தூக்கச் சொல்லுங்க" என்றார் கீப்பர்.

"தூக்கிட்டார் சார்" என்றேன், பழகிய கண்ணால் அவர் கையை மட்டும் தேடிப் பார்த்து.

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி அங்கே பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு நான்கு எட்டு நடந்தார், இன்னும் நான்கு எட்டு. ஆரஞ்சு முடிந்து பலகை இருண்டதும், உயர்ந்த கையின் நுனியில் கொடி இருந்தது. அப்போதுதான் தலைவி அம்மையார் "இறக்கிடுங்க சார், கை வலிக்கும்" என்று குரல் கொடுத்தார். ஸ்கேல் இறக்கினார். இறக்கியவர் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார். எதுவும் எரியாத கறுப்புப் பட்டைதான் அப்போது இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. கோலுக்குப் பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் கோல் கோல்தான், அதை மாற்ற முடியாது. லைன்ஸ்மேன் கொடியை உயர்த்தவில்லை என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி. ஆனால் நடுவர் மையத்தைக் காட்டியபோது லைன்ஸ்மேன் தானாக ஓர் அர்த்தம் செய்துகொள்ளாமல் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். அதற்காக ஓர் ஆட்டம் ஓய்வு. "அது சரிதான்" என்று ஸ்கேல் கையெழுத்துப் போட்டார். இனிமேல் ஆட்டம் நடக்கும்போது கொடி நிறத்தில் எந்த விளம்பரமும் கூடாது, மேல்வரிசை இருளாகவே இருக்க வேண்டும் என்றும் உத்தரவு. நடுவர் வந்து ஸ்கேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டதால் யார் கேட்டதும் யார் காதிலும் விழவில்லை.

பழரசக் கம்பெனி அடுத்த வாரமே விலகியது. முதலாளி தான் சொன்னதைத்தான் செய்தார்: அக்காவை மைதானத்திலிருந்து எடுத்து, கிடங்கில் பழுது பார்க்கும் மேசைக்கு அனுப்பினார். என் பக்கத்து நாற்காலியில் ஆளே இல்லை. விளம்பரம் எல்லாம் தன்பாட்டுக்கு நேரப்படி ஓடியது. கோல் விழும்போது செருப்பும், பந்து வெளியே போகும்போது வங்கியும் வந்தன. எனக்கு ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போயிற்று. குதிகாலைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

லீக் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், அக்கா அறையில் விட்டுப்போன முதுகுக் குஷனைக் கொடுக்கக் கிடங்குக்குப் போயிருந்தேன். இரண்டு பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு, அக்கா திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் தட்டியது. ஸ்கேல். கையில் ஒன்றுமில்லாமல் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"உள்ள வாண்ணா."

அவர் வந்தார். உட்காராமல் பலகைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இருபது வருஷமா கோட்டுல ஓடுறேன், பாப்பா. பின்னாடி என்ன ஓடுதுன்னு ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்ல."

"பாக்கக்கூடாதுண்ணா. பாத்தா ஆஃப்சைடு யாரு பாக்குறது?"

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு குனிந்து, இரண்டு சில்லுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"இது ஒரு அரை மில்லி தூக்கலா இருக்கே."

"வந்ததும் சோதனையா? முத்திரை குத்தாம போகமாட்ட போல!"

மூவரும் சிரித்தோம். அக்கா அந்தச் சில்லைக் கழற்றி மறுபடி பொருத்தினார். அவர் நகத்தை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி என்ற பேச்சே எழவில்லை. சாயங்காலம்வரை அங்கேயே இருந்து, ஒவ்வொரு இடைவெளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது அக்கா அவருக்கு விளக்கின் உள்ளே இருக்கும் மூன்று நிறப் புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் லீக் தொடங்குவதற்கு முன் தலைவி அம்மையாரிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. எட்டு மைதானங்களிலும் பலகைகளைச் சோதித்துச் சான்று தர ஓர் ஆள் வேண்டும், நீங்கள் வர முடியுமா என்று. முதலாளிதான் முதலில் சந்தோஷப்பட்டார். "எங்க ஆளு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இப்போது அக்கா ஒரு நீளப் பையில் நான்கு நிறக் கொடிகளைப் போட்டுக்கொண்டு ரயிலேறி ஊர் ஊராகப் போகிறார். லீவு கிடைக்கும்போதெல்லாம் அண்ணனும் கூடப் போகிறார், கொடி பிடிக்க.

போன மாதம் ஒருநாள் நானும் ஒட்டிக்கொண்டேன். தெரியாத ஊர், தெரியாத மைதானம். கோலுக்குப் பின்னால் இருந்த பலகையில் வெள்ளை அதிகம், எதிர்ப்பக்கக் கீப்பருக்குப் பந்து மறையும் என்று அக்கா நோட்டில் எழுதினார். பிறகு நடுவில் போய் நின்றுகொண்டு கத்தினார்.

"அண்ணா, இன்னும் ரெண்டடி இடது பக்கம்!"

யார் சொல்லியும் ஓர் அங்குலம் நகராத மனிதர் இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தார். அக்கா கையை உயர்த்தினார், அவர் இறக்கினார், அடுத்த நிறம் வந்தது. நாங்கள் வேலை முடித்துத் தேநீர் குடித்து நிமிர்ந்தபோது ரயிலுக்கு எட்டு நிமிடம்தான் இருந்தது. கொடிப் பையை நான் தூக்கிக்கொண்டேன். அண்ணனும் தங்கையும் முன்னால் ஓடினார்கள், எந்தப் பக்கமாகப் போனால் சீக்கிரம் என்று சண்டை போட்டுக்கொண்டே.